டிக்குக்குக் கீழே ஒரு வரி

அத்தியாயம் 5

காத்தூனுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். அன்று காலை ஒன்பதரைக்கே கழற்றிவிட்டாள்.

மேஜை மேல் ஒரு தாள் கிடந்தது. ஜெயதாரா ஸ்டாம்பிங்ஸ் கம்பெனி போலீசுக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் கொடுத்திருந்த தாளின் நகல். நீளமான வேலைப் பட்டியல். அதில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள்.

'7ஆம் நம்பர் பிரஸ். லைட் கர்ட்டன் மாற்ற வேண்டும். முடிந்தது: 12 பிப்ரவரி 2008.'

லைட் கர்ட்டன் என்பது பிரஸ் மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஒளித் திரை. யாராவது கையை உள்ளே நீட்டினால் மெஷின் அந்த நொடியே நின்றுவிடும். 13ஆம் தேதி மதியம் இரண்டரை மணிக்கு, கிருஷ்ணப்பன் என்ற ஒப்பந்தத் தொழிலாளி 7ஆம் நம்பர் பிரஸ்ஸுக்குள் வலது கையை நீட்டினான். மெஷின் நிற்கவில்லை. மணிக்கட்டோடு கை போய்விட்டது. ஓடி வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அந்த மெஷினில் கர்ட்டனே இல்லை.

"வேலையச் செய்யாமலே செஞ்சு முடிச்சதா டிக் அடிச்சுட்டேன்னு சொல்றாக மேடம்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ராஜலட்சுமி. கம்பெனியின் பாதுகாப்பு இன்ஜினீயர். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். ஓசூருக்கு வந்து ஆறு வருடமாகியும் பேச்சு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. "இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. அது முடிஞ்சதும் என்னையக் கைது பண்ணிருவாகன்னு வக்கீல் சொல்றார்."

"டிக் அடிச்சது நீங்கதானா?"

"இல்ல மேடம். சத்தியமா நான் அடிக்கல."

காத்தூன் பதினான்கு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவள். கையை இழந்தவன் வீட்டுக்குப் போய், தப்பு அவனுடையதுதான் என்று எழுதி வரச் சொல்வார்கள். ஒருநாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மூக்கண்டப்பள்ளியில் ஒரு பேட்டரிக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகத்துக்குப் போர்டு மாட்டினாள். அந்தப் பழைய கோபம்தான் இன்றைக்கும் அவளுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன். சம்பளமுள்ள ஒரே ஆள் சின்னராஜ். முப்பத்தெட்டு வயது, முழு வழுக்கை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்தி, மூடிவிட்டு வந்தவன்.

அவன் ராஜலட்சுமியின் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி, அரை மணி நேரமாகத் திரையோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த மேடம் சாமானியப்பட்டவங்க இல்ல," என்றான். "பிளான்ட்டச் சுத்திக்கினு வர்றப்போ கண்ல படறதெல்லாம் ஒன்நோட்ல, அதான் கம்ப்யூட்டர்ல இருக்கற நோட்டுப் புத்தகத்துல, எழுதிடறாங்க. எது செய்ய வேண்டிய வேலையோ அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு செவப்புக் கொடி. கொடிய நட்டதும் அந்த வரி தானா அவங்க மெயில்ல, அவுட்லுக் வேலைப் பட்டியல்ல போயி உக்காந்துக்கும். இங்க டிக் அடிச்சா அங்கயும் டிக் விழும். அங்க அடிச்சா இங்க விழும். புருஷன் பொண்டாட்டி மாதிரி, ஒருத்தர்கிட்டச் சொன்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும்."

"எந்த ஊர்ல அப்படிப் புருஷன் பொண்டாட்டி இருக்காங்க?"

"அதாங்க்கா நான் கல்யாணம் பண்ணிக்கல."

ராஜலட்சுமி சிரிக்கவில்லை. "முன்னால டைரில எழுதிட்டு இருந்தேன். மெயில் தனி, டைரி தனி, ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுல இருக்காது. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரக்கூடாதுன்னுதான் ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தேன். கடைசில அந்த ஏற்பாடே என்னைய மாட்டி விட்டிருச்சு."

"மாட்டி விடல," என்றான் சின்னராஜ். திரையைக் காத்தூன் பக்கம் திருப்பினான். "மொத்தம் அறுபத்தோரு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் கீழ ஒரு வரி. யாரு செஞ்சாங்க, எப்போ, எப்படிச் சோதிச்சாங்கன்னு. பாத்ரூம் பல்பு மாத்தினதுக்குக் கூட 'சுவிட்ச் போட்டுப் பார்த்தேன், எரிகிறது'ன்னு எழுதியிருக்காங்க. அறுபது டிக்குக்குக் கீழ வரி இருக்குது. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் இல்ல."

காத்தூன் குனிந்து பார்த்தாள். 7ஆம் நம்பர் பிரஸ்.

"பல்புக்குக் கூட சாட்சி வெக்கிறவங்க ஒரு பிரஸ்ஸுக்கு வெறும் டிக் அடிப்பாங்களா? இந்த டிக் வேற ஆளோட கை, அக்கா."

"உங்க வேலைப் பட்டியலை வேற யாரு திறக்க முடியும்?" என்று கேட்டாள் காத்தூன்.

"பிளான்ட் மேனேஜர் அசோக்குமார் சார். அவர் கம்ப்யூட்டர்லயும் என் பட்டியல் தெரியும்."

காத்தூன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஸ்கூட்டிச் சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

சிப்காட் சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து அவள் ஓட்டிய ஓட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னராஜ் தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டான்.

அசோக்குமார் அவர்களை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். சலவைச் சட்டை, சலவைச் சிரிப்பு. காத்தூன் சுற்றி வளைக்கவில்லை.

"ராஜலட்சுமி பேர்ல நீங்கதான் டிக் அடிச்சீங்க."

அவருடைய சிரிப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை. தன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ராஜலட்சுமியின் பட்டியலைத் திறந்தார். முடியாமல் கிடந்த ஒரு வேலைக்குப் பக்கத்தில் அவள் கண் முன்னாலேயே டிக் அடித்தார். உடனே ஒரு சின்னப் பெட்டி எழும்பி, உங்களுக்கு அந்த அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"நான் பார்க்கலாம் மேடம். தொட முடியாது. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்." காபியை அவள் பக்கம் நகர்த்தினார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். வேலை அதிகம், ஏதோ அவசரத்துல அடிச்சிருக்கும். ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு சொல்லுங்க."

காத்தூன் சின்னராஜைப் பார்த்தாள். அவன் அந்தப் பெட்டியை இரண்டு தடவை படித்துவிட்டு மெல்லத் தலையாட்டினான். நிஜம்தான். டிக் ராஜலட்சுமியின் கையிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும்.

காபியைத் தொடாமல் வெளியே வந்தாள் காத்தூன். அந்த ஆளிடம் தோற்றதைவிட, அவர் பரிதாபப்பட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் கவர் நிறைய மருந்துச் சீட்டுகள். வாட்ச்மேன் காத்தூனைக் கைகாட்டியதும் நேராக எதிரில் வந்து மறித்தாள்.

"நீதானா அந்த சேஃப்டி மேடத்துக்கு வக்காலத்து வாங்கிக்கினு வந்தது?"

"நீங்க?"

"மாரம்மா. கிருஷ்ணப்பன் பொண்டாட்டி." குரல் உடைந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. என் ஆளு படிச்ச ஆளு இல்ல. ஆனா பைத்தியமா? தெறந்து கெடக்கற மெஷின்ல யாராச்சும் கைய வுடுவாங்களா? முந்தின நாளு சாயங்காலம் புதுசா மாட்டினாங்க, அந்த மேடமே கைய நீட்டி நீட்டிப் பாத்தாங்கன்னு சொல்றாரு. அந்தத் திரை கண்ணுக்கா தெரியுது, அத நம்பித்தான் கைய வுட்டேங்கறாரு. போலீசுல சொன்னா, வலி மாத்திரைல ஒளர்றான்னு எழுதிக்கினு போறாங்க. இப்போ அந்தாளே, நான் கனவுதான் கண்டேன் போலன்னு சுவத்தப் பாத்துப் படுத்துக்கறாரு."

காத்தூன் ஓர் அடி நெருங்கி வந்தாள்.

"மேடமே நேர்ல பாத்தாங்களா? அப்படியா சொன்னார்?"

"பத்தொம்பது நாளா அதத்தான் சொல்லிக்கினு இருக்காரு. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல."

மாரம்மா போய்விட்டாள். காத்தூன் மறுபடி கண்ணாடியைக் கழற்றினாள்.

"சின்னராஜ், அந்தப் பொம்பள நம்மகிட்டப் பொய் சொல்லியிருக்கு."

"மாரம்மாவா?"

"ராஜலட்சுமி."

ராஜலட்சுமியின் வீடு மூக்கண்டப்பள்ளியில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் பின்னால், ஒரு மாடிப் போர்ஷன். அவள் கதவைத் திறந்ததும் காத்தூன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். சின்னராஜ் நேராக மேஜையில் இருந்த கம்ப்யூட்டரிடம் போய் உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கீச், கீச் என்று கத்த ஆரம்பித்தது.

"பத்து நிமிஷம் தாங்கும்," என்றாள் ராஜலட்சுமி. "என்ன மேடம் தேடுறீக?"

"நீங்க தொலைச்சதை."

சின்னராஜ் 7ஆம் நம்பர் பிரஸ் இருந்த பக்கத்துக்குப் போனான். மேலே போனான், கீழே போனான். திடீரென்று உச்சுக் கொட்டினான்.

"காலைலயே பாத்திருக்கணும் அக்கா, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இந்த மேடம் எழுத்து பெங்களூர் பஸ்ஸு மாதிரி, இடைவெளியே கெடையாது. இருநூறு பக்கத்துல ஒரு வெத்து வரி கூட இல்ல. இந்த டிக்குக்குக் கீழ மட்டும் ஒரு வரி காலியா இருக்குது. அடிக்காத டிக்குக்கு எதுக்கு எடம் வுடணும்? இங்க ஒருத்தர் உக்காந்திருந்து எழுந்து போயிருக்கார்."

ராஜலட்சுமி திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மேடம், நீங்க ஒண்ண மறந்துட்டீங்க," என்றான் அவளிடம், கேலியில்லாமல். "இந்த ஒன்நோட் உங்களக் கேக்காமலே பழசை எல்லாம் ஒரு நகல் எடுத்து இதே மெஷின்ல ஒரு மூலைல போட்டு வெக்கும்." பழைய நகல்கள் தேதி வாரியாகத் திரையில் வரிசை கட்டின. பன்னிரண்டாம் தேதி இரவு எடுத்ததைத் திறந்தான்.

வெற்று வரி அங்கே வெற்றாக இல்லை. சின்னராஜ் உரக்கப் படித்தான்.

"'ஆஞ்சப்பன் புதுக் கர்ட்டன் மாட்டினார். மாலை 5.40. மூன்று முறை கை நீட்டிப் பார்த்தேன், மூன்று முறையும் பிரஸ் நின்றது. கர்ட்டன் நம்பர் 4471.'"

யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.

"சத்தியம் பண்ணினீங்களே, காலைல!" காத்தூனின் குரல் சுவரில் மோதியது. "உங்களுக்காக அந்த ஆள் முன்னாடி போய் அசிங்கப்பட்டு வந்தேன். அது போகட்டும். இதை ஏன் அழிச்சீங்க?"

ராஜலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "13ஆம் தேதி காலைல என்னையப் பெங்களூருக்கு ட்ரெய்னிங்னு அனுப்பிட்டாக. சாயங்காலம் திரும்பி வந்தா கேட்டுலயே லேப்டாப்ப வாங்கிட்டாக, உள்ள விடல. மெஷின்ல கர்ட்டனே இல்லன்னு சொன்னாக. ஃபிட்டர் ஆஞ்சப்பனுக்குப் போன் பண்ணினேன். நான் எதுவும் மாட்டலம்மான்னுட்டார். மாட்டின ஆளே இல்லைங்கறார், மெஷின்லயும் இல்ல. கை நீட்டிப் பார்த்தேன்னு எழுதி வச்சிருக்கேன். யார் நம்புவா? விபத்துக்கப்புறம் எழுதிச் சேர்த்த பொய்யின்னுதான் சொல்லுவாக. எனக்கே சந்தேகமாயிருச்சு மேடம். பயத்துல, வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் இருந்த அதே நோட்டுல அழிச்சேன். டிக்கும் நான் அடிக்கலன்னு சொல்லிட்டா தப்பிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"நீங்க தப்பிக்க. அங்க ஒருத்தன் கையில்லாமப் படுத்துக்கிட்டு, கர்ட்டன் இருந்துச்சு, நான் பார்த்தேன்னு பத்தொன்பது நாளாக் கத்திக்கிட்டு இருக்கான். உலகத்துலயே அவனுக்கு ஒரே சாட்சி நீங்க. நீங்க அழிச்சது உங்க வரியை இல்லம்மா, அவன் வாயை!"

ராஜலட்சுமி முகத்தை மூடிக்கொண்டாள். காத்தூனுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டாம் என்று வைத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றான் சின்னராஜ். "கீழ இன்னொரு கொடி. டிக் அடிக்காதது. 'லைன் 2, 2ஆம் நம்பர் பிரஸ் கர்ட்டன் பழுது. நாளை காலை கஸ்டமர் ஆடிட். ஸ்டோருக்கு மெயில் போட்டாச்சு, பதில் இல்லை.'"

காத்தூன் சட்டென்று நிமிர்ந்தாள். "அந்த ஆடிட் என்னாச்சு?"

"பாஸாயிருச்சு," என்றாள் ராஜலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டே. "எல்லாருக்கும் லட்டு குடுத்தாகளாம்."

"கர்ட்டன் இல்லாத பிரஸ்ஸைக் காட்டியா பாஸானாங்க?"

ராஜலட்சுமி எழுந்து திரைக்கு அருகே வந்தாள். யூபிஎஸ் கடைசியாக ஒரு கீச்சோடு அடங்கியது. அதற்குள் சின்னராஜ் அந்த நகலைப் பென் டிரைவில் ஏற்றிப் பையில் போட்டிருந்தான்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை தொடங்கியது. தொழிற்சாலை ஆய்வாளர் ஒடிசலான, அதிகம் பேசாத மனிதர். மஞ்சள் பூசிய தாளை அவர் எடுத்ததுமே காத்தூன் எழுந்தாள்.

"சார், டிக் அடிச்சது ராஜலட்சுமிதான். ஒத்துக்கறாங்க."

அசோக்குமார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அது உண்மையான டிக். பன்னிரண்டாம் தேதி 7ஆம் நம்பர்ல கர்ட்டன் இருந்துச்சு. அது இப்போ எங்க இருக்குன்னு காட்டறேன். 2ஆம் நம்பர் பிரஸ் வரைக்கும் நடக்க முடியுமா?"

"லைன் ஓடிட்டிருக்கு, இப்ப நிறுத்த முடியாது," என்றார் அசோக்குமார். அன்றைக்கு முதல் தடவையாக அந்தச் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

ஆய்வாளர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாதுகாப்புத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

2ஆம் நம்பர் பிரஸ் நின்றது. பக்கத்தில் ஃபிட்டர் ஆஞ்சப்பன் துணியில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ராஜலட்சுமியைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டார். சின்னராஜ் பழைய நகலின் பிரிண்டை ஆய்வாளரிடம் கொடுத்தான். அவர் மெஷினின் ஓரத்தில் குனிந்தார். மஞ்சள் நிறக் கர்ட்டன் கம்பத்தின் அடியில் ஒட்டியிருந்த சின்ன லேபிளில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நாலு, நாலு, ஏழு, ஒண்ணு."

"ஒரே மாதிரி நெறைய வாங்கறோம் சார்..." என்று ஆரம்பித்தார் அசோக்குமார்.

"ஒரே மாதிரி வாங்கலாம். ஒரே நம்பர்ல ரெண்டு தயாரிக்க மாட்டாங்க," என்றார் ஆய்வாளர்.

"நாந்தான் கழட்டினேன்!" ஆஞ்சப்பனின் குரல் உடைந்தது. "பதிமூணாம் தேதி காலைல மேனேஜர் சார் சொன்னாரு. ஏழுலேர்ந்து கழட்டி ரெண்டுல மாட்டு, கஸ்டமர் போனதும் திருப்பி மாட்டிக்கலாம்னாரு. அவங்க சாப்ட்டுப் போறதுக்கே மூணாயிடுச்சி. ஏழ ஓட்டாதீங்கன்னு சொன்னேன் சார், தேவரானே, சாமி சத்தியமாச் சொன்னேன். லோடு போவணும், ஓட்டுன்னாரு. அப்புறம், வாயத் தெறந்தா வேல போயிடும்னாரு. ரெண்டு பொண்ணுங்க எனக்கு..."

அசோக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காத்தூன் அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"காலைல என்ன சொன்னீங்க? ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு. இப்ப அதை உங்களுக்கே சொல்லிக்கங்க."

ஓடிக்கொண்டிருந்த மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்கள் தாங்களே நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

ஆய்வாளர் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ராஜலட்சுமியிடம் திரும்பினார். "நீங்க அழிச்சதுக்கும் பதில் சொல்லணும்மா. அதையும் எழுதியிருக்கேன்."

"எழுதுங்க சார்," என்றாள் அவள்.

வெளியே வந்ததும் அவள் காத்தூனைப் பார்த்துக் கைகூப்பினாள். காத்தூன் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்கூட்டியை உதைத்தாள்.

"ஏறுங்க. சின்னராஜ், நீ பஸ்ல வா."

"எங்கக்கா?"

"ஆஸ்பத்திரி. நான் வாங்க வேண்டிய கும்பிடு இல்ல இது."

கிருஷ்ணப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வலது கை முழங்கை வரை வெள்ளைத் துணி. மாரம்மா கட்டில் விளிம்பிலிருந்து எழுந்தாள், உட்காரச் சொல்லவில்லை. காத்தூன் வாசலோடு நின்றுகொண்டாள்.

ராஜலட்சுமி கட்டிலின் மறுபக்கம் போய், அவனுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த குறுகலான இடத்தில் உட்கார்ந்தாள்.

"கிருஷ்ணப்பன், கர்ட்டன் இருந்துச்சு. நான் மூணு தடவை கை நீட்டிப் பார்த்தேன். மூணு தடவையும் நின்னுச்சு. நீங்க பார்த்தது நெசம். நான் அதை எழுதி வச்சிருந்தேன், பயந்து அழிச்சுட்டேன்."

மாரம்மா கட்டிலைச் சுற்றி ஓர் அடி எடுத்து வைத்தாள். அவள் ராஜலட்சுமியை அடித்துவிடுவாளோ என்று காத்தூனுக்குத் தோன்றியது. அடித்தால் தடுக்கப்போவதில்லை என்றும் தோன்றியது.

"அப்போ நான் ஒளரல," என்றான் கிருஷ்ணப்பன்.

"இல்ல."

"மாரம்மா, கேட்டியா?"

"கேட்டேன்."

அவன் இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவி ஒரு மருந்துச் சீட்டை எடுத்து ராஜலட்சுமியிடம் நீட்டினான்.

"இதுக்குப் பின்னால எழுதிக் குடுங்க மேடம். பேனாவுல எழுதுங்க."

மாரம்மா கம்பவுண்டரிடம் போய்ப் பேனா வாங்கி வந்தாள். ராஜலட்சுமி கட்டிலில் வைத்து எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக அவள் எழுதுவதை, படிக்கத் தெரியாத கிருஷ்ணப்பன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.